ஒரு ஓட்டோவுக்கு இரண்டு இன்சூரன்ஸ்

திருகோணமலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மான் ஒரு தனிக் கவலை. பிரெட்ரிக் கோட்டை வாசலிலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் திரிகிற மான்கள் பகலில் சாதுவாகத்தான் நிற்கும். ஆட்கள் பக்கத்தில் போனாலும் விலகாது. இரவில் ஹெட்லைட் வெளிச்சம் முகத்தில் அடித்தால் எந்தப் பக்கம் பாய்வதென்று அதற்கே தெரியாது. என் மச்சான் ஒரு நாள் கோணேசர் கோயிலில் ஹயர் இறக்கிவிட்டுக் கோட்டைக்குள்ளால் திரும்பி வரும்போது அப்படி ஒன்று குறுக்கே பாய்ந்தது. மான் விழுந்து எழும்பி ஓடிவிட்டது. ஓட்டோவுக்குத்தான் முன் கண்ணாடி, ஹெட்லைட், முன் மட்காட் எல்லாம் போனது. போர்க்கும் கொஞ்சம் வளைந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் கவலை இல்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு காப்புறுதிச் சான்றிதழ்களை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டிலும் அதே வாகன இலக்கம், அதே செஸி இலக்கம். கொம்பனிதான் வேறு வேறு.

"அத்தான், எனக்கு ரெண்டு இன்சூரன்ஸ் கிடக்கு. ரெண்டிலயும் க்ளெயிம் போட்டால் கராஜ் காசும் வரும், கையிலயும் கொஞ்சம் மிஞ்சும். என்ன சொல்லுறியள்?"

காப்புறுதிக் கிளை ஒன்றில் பத்தொன்பது வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். இந்தக் கேள்வியை அந்த மேசைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் பெரும்பாலும் களவு செய்ய வந்தவர்கள் அல்ல. இரண்டு இடத்தில் காசு கட்டினால் இரண்டு இடத்திலும் காசு வரவேண்டும்தானே என்று நினைப்பவர்கள். சீட்டுப் பிடித்துப் பழகிய ஊர். இரண்டு சீட்டுக் கட்டினால் இரண்டு சீட்டும் விழும். காப்புறுதி சீட்டு மாதிரியே வேலை செய்யும் என்று யாராவது நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அது சீட்டு அல்ல. வாகனக் காப்புறுதி தருவது லாபமல்ல, நட்டத்துக்கு ஈடு. விபத்துக்கு முந்திய நிமிஷம் நீங்கள் எந்த நிலையில் இருந்தீர்களோ, காசளவில் அந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் அதன் வேலை. அதற்கு ஒரு சதமும் கூடாது. மச்சானுடைய ஓட்டோவுக்கு 84,000 ரூபாய்ச் சேதம் என்றால், அந்த விபத்தில் அவர் இழந்தது 84,000 ரூபாய். கையில் எத்தனை சான்றிதழ் இருந்தாலும் இழந்தது அவ்வளவுதான். இரண்டாவது கொம்பனியிடம் இன்னொரு 84,000 வாங்க வேண்டுமென்றால் இன்னொரு ஓட்டோ உடைந்திருக்க வேண்டும்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, "என்ர சித்தப்பா செத்தபோது ரெண்டு இன்சூரன்ஸ் காசும் வந்ததே" என்று கேட்பார். வந்திருக்கும், அது சரியும்கூட. ஆயுள் காப்புறுதி வேறு சாதி. ஒரு மனிதனின் உயிருக்கு எஸ்டிமேட் போட்டு, இவ்வளவுதான் நட்டம் என்று எழுத யாராலும் முடியாது. அதனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகையை அப்படியே கொடுத்துவிடுவார்கள். இரண்டு பொலிசி என்றால் இரண்டும். ஒரு கை போனால் இவ்வளவு, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிய தொகைகளும் பொதுவாக இந்தச் சாதிதான். வாகனப் பொலிசியோடு சாரதிக்கு விபத்துக் காப்பு என்று ஒரு சின்னப் பகுதி ஒட்டியிருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறாக இருக்கக்கூடும். ஆனால் தகரம், கண்ணாடி, டயர் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. விலை உள்ள பொருளுக்கு அந்த விலைக்கு மேல் ஈடு இல்லை.

இந்த நியாயம் எவ்வளவு கறாரானது என்பதற்கு இங்கிலாந்தில் 1883ஆம் ஆண்டு தீர்ந்த ஒரு வழக்கு உண்டு. ஒருவர் தன் வீட்டை விற்க ஒப்பந்தம் செய்திருந்தார். கைமாறுவதற்கு முன் வீட்டில் தீப்பிடித்தது. காப்புறுதிக் கொம்பனி அவருக்கு 330 பவுண் கொடுத்தது. பிறகு வாங்க இருந்தவரும் பேசிய முழு விலையையும் கொடுத்துவிட்டார். அப்படியென்றால் விற்றவருக்கு நட்டமே இல்லையே, எங்கள் காசைத் திருப்பித் தா என்று கொம்பனி வழக்குப் போட்டது. மேல்முறையீட்டில் கொம்பனி வென்றது. காப்புறுதி படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற வழக்குகளில் ஒன்று இது. தீப்பிடித்த வீட்டை வைத்துக்கூட யாரும் சம்பாதிக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

இங்கிலாந்துச் சட்டம் திருகோணமலைக்கு எதற்கு என்று கேட்கலாம். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் கப்பல் விவகாரங்களிலும், 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தீ, ஆயுள் காப்புறுதி விஷயங்களிலும் ஆங்கிலச் சட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்து விட்டன. நம் கையில் இருக்கிற வாகனப் பொலிசிகளின் வாசகங்களும் அந்த மரபில் வந்தவையே. அதிலும் இரட்டைக் காப்புறுதி என்கிற விஷயம் அடிப்படையில் கப்பல்காரர்களின் தலையிடி. சரக்கு ஏற்றியவர் ஒரு துறைமுகத்தில் காப்புறுதி எடுப்பார். அது தெரியாமல் அவருடைய முகவர் இன்னொரு துறைமுகத்தில் அதே சரக்குக்கு எடுப்பார். கடிதம் போய்ச்சேரவே மாதக்கணக்காகும் காலம் அது. 1758இலேயே ஆங்கில நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு இப்படியான ஒரு வழக்கை விசாரித்திருக்கிறார். பிறகு 1906ஆம் ஆண்டின் கடல் காப்புறுதிச் சட்டம் 32ஆம் பிரிவில் இதற்கு வரைவிலக்கணமே எழுதியது: ஒரே பயணத்துக்கும் ஒரே நலனுக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொலிசிகள் எடுத்து, அவற்றின் கூட்டுத்தொகை உண்மையான ஈட்டை மிஞ்சினால் அது இரட்டைக் காப்புறுதி. எந்தக் கொம்பனியிடம் முதலில் கேட்பதென்பது உங்கள் விருப்பம். ஆனால் மொத்தமாக நட்டத்துக்கு மேல் பெறமுடியாது. தப்பித்தவறிக் கூடுதலாகக் கைக்கு வந்தால், அந்தக் காசை நீங்கள் கொம்பனிகளுக்காக நம்பிக்கையில் வைத்திருப்பவர் மட்டுமே. சீனக்குடாவுக்குக் கோதுமையோடு வருகிற கப்பலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பிரிவு ஞாபகம் வரும். வேறு யாருக்கும் வராது என்பதும் தெரியும்.

மச்சானிடம் இதெல்லாம் சொல்லவில்லை. "முதல்ல அந்த ரெண்டு பேப்பரையும் தாரும்" என்றேன்.

இரண்டு சான்றிதழ் இருப்பதாலேயே இரட்டைக் காப்புறுதி ஆகிவிடாது. இதைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. அந்தப் பெயருக்குத் தகுதி பெற வேண்டுமென்றால் பொருள் ஒன்றாக இருக்கவேண்டும், ஆபத்து ஒன்றாக இருக்கவேண்டும், காலம் ஒன்றாக இருக்கவேண்டும், யாருடைய நட்டத்துக்காக எடுத்ததோ அந்த நலனும் ஒன்றாக இருக்கவேண்டும். இதில் ஏதாவது ஒன்று ஒத்துவராவிட்டால் உங்களிடம் இருப்பது பெயருக்குத்தான் இரண்டு.

காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்று முடிந்த பிறகு மற்றது தொடங்கினால் இரட்டை இல்லை. திகதியை மட்டும் பார்க்காமல் நேரத்தையும் பார்க்கவேண்டும். சான்றிதழில் இன்ன நாள் இன்ன நேரத்திலிருந்து என்று போட்டிருக்கும்.

ஆபத்து என்கிற விஷயத்தில்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் அதிகம் விழுவது. ஒன்று முழுக் காப்புறுதி, மற்றது மூன்றாம் தரப்பு. இதைப் பார்த்து "டபுள் இன்சூரன்ஸ்" என்று சொல்வார்கள். மூன்றாம் தரப்பு என்பது உங்கள் வண்டியால் வேறொருவருக்கு வந்த சேதத்துக்கு. உங்கள் வண்டிக்கு அதில் ஒரு போல்ட் கூடக் கிடைக்காது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் தெருவில் ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயமாகக் கேட்பது இதைத்தான். முழுக் காப்புறுதிக்குள் மூன்றாம் தரப்பும் அடங்கும், கூடவே சொந்த வண்டிச் சேதமும் அடங்கும். ஆகவே இந்த இரண்டும் ஒருவரிடம் இருந்தால் மான் பாய்ந்த கதைக்கு முழுக் காப்புறுதிக் கொம்பனி மட்டும்தான் பொறுப்பு. மற்றது எட்டியும் பார்க்காது. அதே ஓட்டோ ஏகாம்பரம் வீதியில் நடந்து போகிற ஒருவரை இடித்துவிட்டால் நிலைமை வேறு. அந்த ஆளுக்குக் கொடுக்கவேண்டிய நட்டஈட்டில் இரண்டு பொலிசிகளும் சந்திக்கின்றன. இரட்டை என்பது அந்த ஒரு துண்டில் மட்டும்.

எந்தப் பாவனைக்கு எடுத்தது என்பதும் இதே இடத்தில்தான் வருகிறது. மச்சானுடைய இரண்டாவது சான்றிதழில் பாவனை 'பிரைவேட்' என்று போட்டிருந்தது. ஆனால் ஓட்டோ ஓடுவது ஹயருக்கு. ஹயர் என்று போட்டால் பிரீமியம் கூடும் என்பதால் முகவர் அப்படி எழுதியிருக்கலாம், அல்லது கேட்காமலே எழுதியிருக்கலாம். எப்படியோ, கோணேசர் கோயிலுக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய பயணத்தில் நடந்த விபத்துக்கு அந்தப் பேப்பர் துணைக்கு வருவது கஷ்டம். இரண்டு குடை வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நின்றவருக்கு ஒன்றில் துணியே இல்லை.

நலன் என்பது கொஞ்சம் நுணுக்கமானது. லீசிங்கில் எடுத்த வண்டியில் லீசிங் கொம்பனிக்கும் பணம் மாட்டியிருக்கிறது, உங்களுக்கும் மாட்டியிருக்கிறது. வழக்கமாக ஒரே பொலிசியில் இரண்டு பேருடைய நலனையும் எழுதிவிடுவார்கள். அது ஒரு பொலிசிதான், இரட்டை அல்ல. முழு நட்டமானால் காசு முதலில் லீசிங் பாக்கிக்குப் போகும், மிச்சம் உங்களுக்கு. ஆனால் அவர்கள் தங்கள் கடனை மட்டும் காக்க ஒன்று எடுத்து, நீங்கள் உங்கள் பங்கைக் காக்க ஒன்று எடுத்திருந்தால், வண்டி ஒன்றாக இருந்தும் நலன் இரண்டு. 1877இல் லண்டனில் ஒரு தானியக் களஞ்சியம் எரிந்த வழக்கில் இதைத்தான் சொன்னார்கள். களஞ்சியக்காரர் ஒரு பொலிசி எடுத்திருந்தார், தானியத்தின் சொந்தக்காரர்கள் வேறு பொலிசி எடுத்திருந்தார்கள். எரிந்தது ஒரே தானியம். ஆனாலும் நலன் வேறு என்பதால் கொம்பனிகள் தங்களுக்குள் பங்குபோட வேண்டிய கட்டாயம் இல்லை என்று முடிவானது.

பழைய மோட்டார்சைக்கிள் வாங்குகிறவர்களும் இங்கே ஏமாறுகிறார்கள். "இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் கிடக்கு" என்று சொல்லி விற்பார்கள். விற்றவருக்கு இனி அந்த வண்டியில் நட்டப்பட ஒன்றும் இல்லை, அவருடைய நலன் முடிந்தது. வாங்கியவர் பெயரோ பொலிசியில் இல்லை. கொம்பனிக்கு அறிவித்துப் பெயர் மாற்றாத வரை அந்த எட்டு மாதம் வெறும் பேப்பர். வாங்கியவர் தன் பெயரில் புதிதாக ஒன்று எடுத்தால் அதுதான் அவருடைய ஒரே காப்புறுதி. இரட்டை என்று பயப்படவும் தேவையில்லை, சந்தோஷப்படவும் ஒன்றுமில்லை.

சரி, உண்மையிலேயே இரட்டையாக இருந்தால் காசு எப்படி வரும்? மச்சானுடைய இரண்டாவது பேப்பரும் ஹயருக்குத்தான், அதுவும் முழுக் காப்புறுதிதான் என்று வைத்துக்கொள்வோம். முதல் கொம்பனியில் காப்புறுதித் தொகை 12 இலட்சம், இரண்டாவதில் 8 இலட்சம். ஓட்டோவின் சந்தை விலை 12 இலட்சம். எல்லாம் பேச்சுக்கு எடுத்த கணக்கு.

பொலிசிப் புத்தகத்தின் பின்பக்கங்களில், ஒருவரும் வாசிக்காத சின்ன எழுத்தில், ஒரு நிபந்தனை இருக்கும். இதே நட்டத்துக்கு வேறு காப்புறுதியும் இருந்தால் எங்கள் விகிதப் பங்குக்கு மேல் தரமாட்டோம் என்று அது சொல்லும். காப்புறுதித் தொகையை வைத்து விகிதம் பார்த்தால் 12க்கு 8, அதாவது 3க்கு 2. சேதம் 84,000. முதல் கொம்பனியின் பங்கு 50,400, மற்றதன் பங்கு 33,600. கூட்டினால் அதே 84,000. இதுவரை பரவாயில்லை போலத் தெரியும். ஆனால் எக்செஸ் என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு க்ளெயிமிலும் நீங்கள் சுமக்கவேண்டிய முதல் தொகை. அது இரண்டிலும் 5,000 என்றும், இரண்டு கொம்பனியும் தன் தன் பங்கில் கழிக்கிறது என்றும் எடுங்கள். 45,400, 28,600. மொத்தம் 74,000. ஒரே ஒரு பொலிசி இருந்திருந்தால் 84,000இல் ஒரு 5,000 கழித்து 79,000 வந்திருக்கும். இரண்டு பிரீமியம் கட்டியவருக்கு ஒரு பிரீமியம் கட்டியவரைவிட 5,000 குறைவு. மச்சான் இந்தக் கணக்கைத் தன் ஃபோனில் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

ஓட்டோ முழுதாகவே போய்விட்டது, களவு போய்விட்டது என்றாலும் இதே கதைதான். 12ம் 8ம் சேர்த்து 20 இலட்சம் என்று மனதில் கூட்டிவைத்திருப்பவருக்குக் கிடைப்பது சந்தை விலையான 12 இலட்சம். அதில் முதல் கொம்பனி 7 இலட்சத்து 20 ஆயிரம், மற்றது 4 இலட்சத்து 80 ஆயிரம். மீதி 8 இலட்சம் என்பது ஒரு நாளும் இருந்ததில்லை. அதற்குக் கட்டிய பிரீமியம் மட்டும் உண்மை.

பங்கு பிரிக்க இது ஒன்றுதான் வழி என்றில்லை. ஒவ்வொரு கொம்பனியும் தனியே நின்றிருந்தால் எவ்வளவு கொடுத்திருக்கும் என்று பார்த்து அந்த அளவில் பிரிக்கிற முறையும் உண்டு. 84,000 ரூபாயை இரண்டு கொம்பனியும் தனித்தனியே முழுதாகத் தாங்கும் என்றால் அந்த முறையில் சரிபாதி. மூன்றாம் தரப்புப் பொறுப்பு மாதிரியான விஷயங்களுக்கு இந்த முறைதான் பொருத்தம் என்று 1977இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வருகிற மொத்தத்தில் இதனால் மாற்றமில்லை. அது கொம்பனிகளுக்கு இடையிலான பஞ்சாயத்து. ஆனால் அந்தப் பஞ்சாயத்து முடியும்வரை ஓட்டோ கராஜில்தான் நிற்கும். லீசிங் தவணை மாதா மாதம் நின்ற இடத்திலேயே வரும்.

நான் கிளையில் இருந்த காலத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கிண்ணியாப் பக்கத்து லொறி ஒன்று, உண்மையாகவே தெரியாமல் இரண்டு இடத்தில் எடுத்திருந்தார்கள். தகப்பன் ஒன்று, வெளிநாட்டில் இருந்த மகன் ஒன்லைனில் ஒன்று. எங்கள் கிளை "மற்றக் கொம்பனியின் கடிதம் வேண்டும்" என்றது. அவர்கள் "முதலில் எடுத்தவர்கள் எழுதித் தரட்டும்" என்றார்கள். அந்த ஐயா இரண்டு கந்தோருக்கும் நடந்த நடையில் ஒரு சோடிச் செருப்புத் தேய்ந்திருக்கும். இரண்டு பக்கமும் நிபந்தனைப்படிதான் நடந்தார்கள், ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு மாதத்தில் முடியவேண்டியது அறுவடை தாண்டிப் போனது. அந்தக் கடிதங்களில் ஒன்றை டைப் அடித்தவன் நான் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது.

சில பொலிசிகள் பங்கு தருகிறோம் என்றும் சொல்லாது. வேறு காப்புறுதி இருந்தால் எங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று எழுதியிருக்கும். இரண்டு பொலிசியிலும் அப்படியே எழுதியிருந்தால்? "அங்க போ" என்று இதுவும், "இங்க வராதே, அங்க போ" என்று அதுவும் சொன்னால் நடுவில் நிற்கிறவன் கதி என்ன? 1932இல் இங்கிலாந்தில் ஒரு கார் வழக்கில் இதேதான் நடந்தது. காரைத் தன் சகோதரனிடம் கொடுத்திருந்தார் ஒருவர். சகோதரனுக்கும் சொந்தப் பொலிசி ஒன்று இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டின. இரண்டு நிபந்தனையையும் எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தினால் காப்புறுதியே இல்லாமல் போய்விடும், அது அபத்தம் என்று நீதிபதி அந்த இரண்டு விலக்குகளையும் ஒன்றோடொன்று அடித்து ஒதுக்கிவிட்டுப் பங்கு போடச் சொன்னார். நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு ஹெட்லைட்டுக்காக யார் வழக்குக்குப் போவது?

இதுவரை சொன்னது நேர்மையாக நடந்தால். மச்சான் முதலில் கேட்ட விஷயத்துக்கு இப்போது வருகிறேன்: இரண்டு கொம்பனிக்கும் ஒருவருக்கொருவர் தெரியாமல் முழுத்தொகையும் கேட்பது. இரண்டு பொலிசி வைத்திருப்பது குற்றமல்ல. அதை மறைத்து இரண்டு தரம் காசு வாங்குவது ஏமாற்று. தண்டனைச் சட்டக்கோவைக்குள் வருகிற காரியம். இரண்டு க்ளெயிமும் தள்ளுபடியாகும் என்பது போக, இனி எந்தக் கொம்பனியிலும் பொலிசி எடுக்கும்போது "உங்கள் க்ளெயிம் எப்போதாவது மறுக்கப்பட்டதா" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதவேண்டி வரும்.

பிடிபடாது என்று நினைப்பவர்கள் இந்த ஊரின் அளவை மறந்துவிடுகிறார்கள். விபத்து நடந்த இடத்துக்கே சேதத்தை மதிப்பிடுகிற அசெசர் வந்து படம் எடுக்கிற காலம் இது. அதே உடைந்த கண்ணாடி, அதே கோட்டை வீதி, அதே இலக்கத்தகடு. இரண்டாவது கொம்பனியின் அசெசரும் அதே கராஜுக்குத்தான் வருவார். கராஜ் நானாவுக்கு இரண்டு பேரையும் தெரியும். ஒரு பில்லை இரண்டு தரம் எழுதித்தரச் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றித் தருவார், பில் தரமாட்டார்.

மறைப்பு என்பது க்ளெயிம் நேரத்தில் மட்டும் நடப்பதல்ல. காப்புறுதி எடுக்கும்போது நிரப்புகிற முன்மொழிவுப் படிவத்தில் இந்த வாகனத்துக்கு வேறு காப்புறுதி உண்டா என்ற மாதிரி ஒரு கேள்வி இருக்கும். உச்ச நன்னம்பிக்கை என்று காப்புறுதியில் ஒரு கோட்பாடு சொல்வார்கள். கொம்பனி உங்கள் வாய்ச்சொல்லை நம்பித்தான் ஆபத்தைத் தலையில் ஏற்றுகிறது, ஆகவே அதன் முடிவை மாற்றக்கூடிய எதையும் நீங்கள் ஒளிக்கக்கூடாது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு இரண்டாவது சான்றிதழோடு போய் நின்றால், பங்கு தருவதா என்ற பேச்சே வராது. ஒப்பந்தமே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். படிவத்தை முகவரே நிரப்பி, பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைக்கச் சொல்வது நம் ஊர் வழக்கம். அந்தக் கையெழுத்து உங்களுடையது, முகவருடையது அல்ல. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியும் பிரயோசனமில்லை. மச்சானும் அப்படித்தான் போட்டிருந்தார்.

அவருக்கு இரண்டு எப்படி வந்தது என்பதும் வழமையான கதையே. லீசிங் கொம்பனி தன் பக்கத்தில் ஒரு காப்புறுதியை ஏற்பாடு செய்து பிரீமியத்தைத் தவணைக்குள் சேர்த்துவிட்டது. சான்றிதழ் கைக்கு வரவில்லை. வாகன வருமான அனுமதிப்பத்திரம் முடிகிற நாள் வந்துவிட்டது. பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்துக்குப் போனால் புகைச் சான்றிதழும் காப்புறுதிச் சான்றிதழும் கேட்பார்கள். அவசரத்துக்குத் தெரிந்த முகவர் ஒருவரிடம் ஒன்று போட்டார். ஒரு கிழமையில் லீசிங்காரர் அனுப்பியதும் தபாலில் வந்தது. இரண்டையும் டாஷ்போர்டில் செருகி வைத்துக்கொண்டு, கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டார்.

இப்படி இரண்டு இருப்பது தெரியவந்தால் விபத்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு கொம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று பார்க்கும்போது பிரீமியம் மலிவானது எது என்று மட்டும் பார்ப்பது பிழை. லீசிங்கில் இருக்கிற வண்டி என்றால் அவர்களுடைய நலன் எழுதப்பட்ட பொலிசியை அவர்களைக் கேட்காமல் நிறுத்த முடியாது. லீசிங் இல்லாவிட்டால் பாவனை சரியாக எழுதப்பட்டது எது, எக்செஸ் குறைந்தது எது, வெள்ளத்துக்கும் கலவரத்துக்கும் காப்பு சேர்த்திருப்பது எது என்று பாருங்கள். க்ளெயிம் இல்லாத வருஷங்களுக்குச் சேர்ந்துவந்த போனஸ் எந்தப் பொலிசியில் இருக்கிறது என்பதும் முக்கியம். அந்தக் கழிவை ஒரே நேரத்தில் இரண்டு பொலிசியில் அனுபவிக்க முடியாது. கொம்பனி மாறுவதென்றால் பழைய கொம்பனியிடம் கடிதம் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

ரத்துச் செய்யும்போது மூலச் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள். மீதிக் காசு வரும், ஆனால் நாட்கணக்குப் பார்த்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்களாகவே இடையில் விலகினால் குறுங்கால அட்டவணை என்று ஒன்றைக் காட்டுவார்கள். மூன்று மாதம் ஓடியிருந்தால் நாலில் மூன்று பங்கு திரும்பும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதைவிடக் குறைவாகத்தான் வரும். அந்தப் பொலிசியில் ஏற்கனவே க்ளெயிம் எடுத்திருந்தால் ஒன்றும் வராமலும் போகலாம். இரட்டை என்பதால் ரத்துச் செய்கிறேன் என்று கடிதத்தில் காரணத்தைத் தெளிவாக எழுதி, மற்றச் சான்றிதழின் பிரதியையும் இணைத்துக் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசில்லை. முதலில் மற்றது உயிரோடு இருக்கிறதா, பாவனையும் பெயரும் செஸி இலக்கமும் சரியா என்று பார்த்துவிட்டே இதை ரத்துச் செய்யவேண்டும். இரண்டில் நல்லதை நிறுத்திவிட்டு உதவாததை வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

கொம்பனியோடு பேசித் தீராவிட்டால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள அமைப்பு. முறைப்பாடுகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மன் ஒருவரும் இருக்கிறார். இரண்டும் கொழும்பில். எழுதிப் போடலாம். ஆனால் முதலில் கொம்பனிக்கு எழுதியதற்கும் அவர்கள் சொன்ன பதிலுக்கும் பிரதி கையில் இருக்கவேண்டும். தொலைபேசியில் சொன்னார்கள் என்பது எங்கேயும் நிற்காது.

மச்சான் விஷயம் கடைசியில் சிக்கலில்லாமல் முடிந்தது. விபத்து நடந்த இரவே லீசிங் பக்கத்துக் கொம்பனிக்குத்தான் முதலில் அழைப்பு எடுத்திருந்தார், அவர்களுடைய அசெசர் வந்து படமும் எடுத்துவிட்டார். அங்கேயே க்ளெயிம் போட்டோம். படிவத்தோடு, வேறொரு கொம்பனியிலும் ஒரு சான்றிதழ் இருக்கிறது, பாவனை பிரைவேட் என்று எழுதப்பட்டது, அதில் எதுவும் கேட்கவில்லை என்று ஒரு பக்கக் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன், அவர் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர்கள் அந்த மற்றப் பொலிசியின் பிரதி கேட்டார்கள், கொடுத்தோம். எக்செஸ் போக மீதி வந்தது. மற்றதை அடுத்த கிழமை ரத்துச் செய்யப் போனபோது முகவர் கொஞ்சம் முகத்தைச் சுளித்தார். திரும்பி வந்த காசு புது சைட் கண்ணாடி ஒன்றுக்குக் காணும், அதைப் போட்டார்.

இப்போதும் கோயில் ஹயர் ஓடுகிறார். கோட்டைக்குள் வந்தால் இரண்டாம் கியருக்கு மேல் போடுவதில்லை.